ஜெய் பீம்: முதனையில் செத்தவர் இருளர் அல்ல

ஜெய் பீம் பற்றி எழுத வேண்டியதெல்லாம் 2021 நவம்பரிலேயே எழுதித் தீர்ந்துவிட்டது என்று தோன்றலாம். அந்த மாசம் முழுக்க இணையத்தில் அதுதான் பேச்சு. ஆனால் பேச்சில் முக்கால்வாசி ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பற்றியது. அதைவிடப் பெரிய ஒரு மாற்றத்தைப் படம் செய்திருந்தது. அதை ஒருசிலர்தான் கேட்டார்கள், கேட்டவர்களுக்கும் சரியான பதில் வரவில்லை. நிஜத்தில் செத்துப்போன ராஜாக்கண்ணு குறவர். படத்தில் அவர் இருளர்.

"ரெண்டு பேருமே ஒடுக்கப்பட்ட சாதிதானே, இதில் என்ன இருக்கு?" என்பதுதான் வழக்கமான பதில். இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது. இருளரும் குறவரும் படுகிற துன்பம் ஒன்றல்ல. துன்பம் வந்த வழி வேறு, பிழைப்பு வேறு, அரசாங்கத்தோடு அவர்களுக்கு இருக்கிற உறவு வேறு. ஆகவே தீர்வும் வேறு. படம் மாற்றியது வெறும் பெயரை அல்ல, வியாதியையே மாற்றிவிட்டது.

நடந்தது என்ன

முதனை கிராமம் கம்மாபுரம் போலீஸ் எல்லையில், விருத்தாசலம் பக்கம் இருக்கிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து பைக்கில் போய்விடக்கூடிய தூரம். அங்கே சில குறவர் குடும்பங்கள் இருந்தன. 1993 மார்ச். அறுவடை வேலைக்குப் போயிருந்த ஊரில் ஒரு வீட்டில் நகை காணாமல் போக, போலீஸ் நேராக முதனைக்கு வந்தது. ராஜாக்கண்ணுவையும் உறவினர்களையும் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள். ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அவருடைய உடல் கிடைத்தது அடுத்த மாவட்டத்தில், மீன்சுருட்டி எல்லையில். மீன்சுருட்டி எங்கள் ஊர் வழியாகக் கும்பகோணம் போகிற சாலையில் இருக்கிற ஊர்.

அவருடைய மனைவி பார்வதி விடவில்லை. மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் கூட நின்றார்கள். அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2006-ல் போலீஸ்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் தண்டனை கொடுக்கும் வரைக்கும் 13 வருஷம் ஓடியது. இது இந்த வழக்கின் சுருக்கம். இதைப் படமாக எடுக்கத் துணிந்ததற்காகவே த.செ. ஞானவேலுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இயக்குநர் இருளரைத் தேர்ந்தெடுத்ததற்கும் நியாயம் சொல்லலாம். அதே 1993-ல், அதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், இருளர் பெண் ஒருவருக்கு நேர்ந்த வன்கொடுமைக்காகப் புதுச்சேரி போலீஸார் மீது நடந்த அத்தியூர் வழக்கு இருக்கிறது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் தி.மண்டபத்தில் நான்கு இருளர் பெண்கள் போலீஸார் மீது சொன்ன புகார் இருக்கிறது. பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இப்படியான வழக்குகளை வரிசையாகப் பார்த்திருக்கிறது. ஆக, போலீஸ் இருளரைத் தொடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பல வழக்குகளைச் சேர்த்து ஒரு கதையாக்குவதும் சினிமாவில் சகஜம்தான்.

ஆனால் படம் 'ராஜாக்கண்ணு' என்ற பெயரை வைத்துக்கொண்டது. வழக்கறிஞரின் பெயரைக்கூட வைத்துக்கொண்டது. சாதியை மாற்றியது. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இருளர்: கணக்கிலேயே இல்லாதவர்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் இருளர் 1,89,661 பேர். மாநிலத்தின் மொத்தப் பழங்குடியினர் 7,94,697. அதாவது நாலில் ஒருவருக்கும் கொஞ்சம் குறைவு. மத்திய அரசின் பட்டியலில் அவர்கள் மிகவும் நலிவடைந்த பழங்குடிகளில் ஒரு பிரிவு. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஆறு பேர்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

சமவெளி இருளரின் பிழைப்பு காடும் புதரும் வரப்பும். தேன், கிழங்கு, மூலிகை, எலி, பாம்பு. 1882-ன் சென்னை வனச் சட்டம் காட்டைப் பூட்டியது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த தடைகளும் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்தின. செங்கல்பட்டு பக்கத்து இருளருக்கு மட்டும் ஒரு மாற்றுவழி கிடைத்தது. 1978-ல் வடநெம்மேலியில் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, பாம்புக்கடி மருந்து செய்கிற நிறுவனங்களுக்கு விற்பது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எங்கள் பக்கத்து இருளருக்கு அந்த யோகம் இல்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை, பிச்சாவரம் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். பிடித்ததை வாயில் கவ்விய பறியில் போடுவார்கள். படகும் கிடையாது, வலையும் கிடையாது. கடல் மீனவர்களோ அவர்களை மீனவராகவே ஏற்கவில்லை. மற்ற இடங்களில் செங்கல் சூளை, அரிசி ஆலை, சவுக்குத்தோப்பு, கரும்பு வெட்டு. வேலைக்குப் போகும்போதே கையில் முன்பணம் கொடுத்துவிடுவார்கள். கணக்கு முதலாளி நோட்டில் இருக்கும், அது ஒருநாளும் தீராது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் மீட்கப்படுகிறவர்களில் இருளர் பெயர் இன்னமும் வந்துகொண்டே இருக்கிறது.

இவர்களுடைய அடிப்படைச் சிக்கல் காகிதம் இல்லாமை. மனைப்பட்டா இல்லை, சாதிச் சான்றிதழ் இல்லை. தமிழ்நாட்டில் எஸ்.சி. சான்றிதழைத் தாசில்தாரே கொடுத்துவிடலாம். எஸ்.டி. சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் வரைக்கும் போக வேண்டும். அங்கே முதல் கேள்வி, "அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கா?" அப்பாவுக்கு இருந்தால் பிள்ளை ஏன் சார் இப்படி அலையப்போகிறான்?

குறவர்: கணக்கில் அதிகமாக இருப்பவர்

குறவர் கதை நேரெதிர். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. பாசிமணி விற்கும் நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி வடக்கிலிருந்து வந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. குறவர் இந்த மண்ணிலேயே உப்பு, கருவேப்பிலை, கூடை, முறம் என்று ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றவர்கள். உப்புக்குறவர், கருவேப்பிலைக் குறவர் என்ற பிரிவுப் பெயர்களே அவர்களுடைய தொழிலைச் சொல்கின்றன.

கடற்கரையில் உப்பை வாங்கி மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தானியம் கொண்டுவருவது அந்தக் காலத்தில் பெரிய வியாபாரம். லாரியும் ரயிலும் இல்லாத காலத்தின் சரக்குப் போக்குவரத்தே அவர்கள்தான். பிரிட்டிஷ் அரசின் உப்பு வரிக் கொள்கையும் ரயில் பாதையும் சேர்ந்து அந்தத் தொழிலை அழித்தன. இதை மீனா ராதாகிருஷ்ணா தன் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். தொழில் போன பிறகும் ஊர் சுற்றுகிறவர்கள் என்பதால் சந்தேகப் பார்வை. அப்புறம் சட்டம். 1871-ன் குற்றப் பழங்குடிகள் சட்டம் வடக்கில் தொடங்கி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகைப் பதிவு, ராத்திரி ஆஜர், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. சிலரைக் குடும்பத்தோடு செட்டில்மெண்டில் அடைத்தார்கள். ஆந்திராவின் ஸ்டூவர்ட்புரம் பெயர் பெற்றது. நம் தென்னார்க்காட்டிலேயே அஜீஸ் நகர் இருந்தது.

சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் ரத்தானது. ஆனால் அடுத்த வருஷமே, 1948-ல், வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. சாதி பெயர் போய்விட்டது, பழைய பழக்கம் ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது. நாம் சாதாரணமாகத் திட்டப் பயன்படுத்துகிற 'கேடி' என்ற சொல்லே, 'நோன் டெப்ரடேட்டர்' என்ற போலீஸ் பதிவேட்டுச் சொல்லின் சுருக்கம்தான். எங்காவது நகை காணோம் என்றால் எந்தத் தெருவுக்குப் போவது என்று ஸ்டேஷனுக்கு ஏற்கெனவே தெரியும். 1993 மார்ச்சில் கம்மாபுரம் போலீஸ் முதனைக்கு வந்ததை இந்த வரலாறு இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது.

நான் பிழைப்புக்கு டேட்டாபேஸோடு மாரடிப்பவன், அதனால் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. இருளர் பிரச்சினை, டேபிளில் ரெக்கார்டே இல்லை என்பது. குறவர் பிரச்சினை, ரெக்கார்டு இருக்கிறது, அதில் நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு தப்பான ஃப்ளாக் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது. முதல் பிழைக்கு ரெக்கார்டைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது பிழைக்கு ஃப்ளாகை அழிக்க வேண்டும். ஒன்றுக்குரிய திருத்தத்தை இன்னொன்றின் மேல் ஓட்டினால் எதுவும் சரியாகாது.

பட்டியல்களின் கூத்து

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இருளர் என்றால் எஸ்.டி., அவ்வளவுதான். குறவர் என்றால்? தமிழ்நாட்டில் 'குறவன், சித்தனார்' எஸ்.சி. பட்டியலில் இருக்கிறது. தொகைமலைக் கொறவர், இஞ்சிக் கொறவர், உப்புக் கொறவர் என்று நீளும் பிரிவுகள் சீர்மரபினர் பட்டியலில். வடக்கே போனால் இவர்களுடைய உறவுச் சமூகமான எருகுலர் ஆந்திராவில் எஸ்.டி., கொறச்சர் கர்நாடகத்தில் எஸ்.சி. ஒரே வேரிலிருந்து வந்த மக்கள். மாநில எல்லையைத் தாண்டினால் பட்டியல் மாறுகிறது, நம் மாநிலத்துக்குள்ளேயே பிரிவுப் பெயர் மாறினால் பட்டியல் மாறுகிறது.

சீர்மரபினர் கதை தனி. 1979-ல் தமிழக அரசு 'பழங்குடி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'சமூகம்' என்று மாற்றியது. அதனால் மத்திய அரசின் சீர்மரபுப் பழங்குடிகளுக்கான திட்டங்களில் சிக்கல். 40 வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 2019-ல்தான் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என இரட்டைச் சான்றிதழ் முறை வந்தது. நரிக்குறவரும் குருவிக்காரரும் எஸ்.டி. பட்டியலில் சேர 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. நல்ல விஷயம். ஆனால் பெயர் ஒற்றுமையால் "குறவருக்கு எஸ்.டி. கிடைச்சாச்சே" என்று பேசுகிறவர்களை நான் இப்போதும் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கு எஸ்.சி., எஸ்.டி. மட்டுமே சாதிவாரியாக எண்ணியது. சீர்மரபினரில் போய்விட்ட குறவரை எண்ணவில்லை. ஆகவே இருளருக்கு 1,89,661 என்று எழுத முடிகிற எனக்கு, எல்லாக் குறவருக்கும் சேர்த்து அப்படி ஒரு எண் எழுத வழியில்லை. போலீஸ் பதிவேட்டில் அதிகமாக இருக்கிறவர்கள், நலத்திட்டக் கணக்கில் சிதறிப் போயிருக்கிறார்கள்.

இந்த மாதிரி நிலைமை நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் 'பூர்வகுடிகள்' என்று ஒரே சொல்லில் அடக்கப்படுகிறவர்களில் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீக் மக்களை 1830-களில் தெற்கிலிருந்து ஓக்லஹோமாவுக்கு விரட்டினார்கள். ஆனால் அவர்களிடம் ஒப்பந்தம் இருந்தது. அதை வைத்து 2020-ல் உச்ச நீதிமன்றம், அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலம் சட்டப்படி கலைக்கப்படவே இல்லை என்று சொன்னது. குவாம் தீவின் சமோரோ மக்களை 1898-ல் ஸ்பெயினிடமிருந்து தீவோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். 1950-ல் குடியுரிமை கொடுத்தார்கள். இன்றும் அந்தத் தீவில் வசிப்பவர்களுக்கு ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு கிடையாது. தீவின் எதிர்காலம் பற்றி மண்ணின் மக்கள் மட்டும் வாக்களிக்கலாம் என்று குவாம் சட்டம் போட்டபோது, அது இனப் பாகுபாடு என்று 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. ஒருவரிடம் ஒப்பந்தக் காகிதம் இருந்தது, இன்னொருவரிடம் அது இல்லை. குவாமில் போய் ஓக்லஹோமா கதையை எடுத்தால் யாராவது ஒத்துக்கொள்வார்களா?

படத்துக்குள் இது எப்படி வேலை செய்கிறது

ஜெய் பீமின் மிகச் சிறந்த காட்சி அதன் முதல் காட்சி. ஜெயில் வாசலில் விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்கிறார்கள். சிலரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிலரைத் தனியே நிற்கவைத்து, முடியாத வழக்குகளுக்காகப் போலீஸிடம் பங்குபோட்டுக் கொடுக்கிறார்கள். சாதியே குற்றப்பத்திரிகை. இது குற்றப் பழங்குடிகள் சட்டம் விட்டுப்போன பழக்கத்தின் காட்சி. சாரமாகப் பார்த்தால் இது முதனையின் காட்சி.

அடுத்து படம் இருளர் வாழ்வுக்குள் போகிறது. எலி பிடிப்பது, செங்கல் சூளை, பட்டாவும் ஓட்டும் கேட்டு அவமானப்படுவது. மணிகண்டனும் லிஜோமோல் ஜோஸும் நடிக்கிறார்கள் என்றே தோன்றாது. இந்தப் பகுதியும் உண்மைதான். ஆனால் இரண்டையும் ஒட்டவைக்கத் தையல் போட வேண்டியிருக்கிறது. நிஜத்தில் குறவர் குடும்பம் அறுவடைக் கூலியாகப் போனது. படத்தில் ராஜாக்கண்ணு தலைவர் வீட்டுக்குள் போக ஒரு காரணம் வேண்டும், ஆகவே பாம்பு பிடிக்கக் கூப்பிடுகிறார்கள். அதாவது சந்தேகத்துக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது: அவன் அந்த வீட்டுக்குள் வந்தான். முதனையில் சந்தேகத்தின் வேர் அதைவிடப் பழையது. அவர்கள் குறவர்கள் என்பதே போதுமானதாக இருந்தது.

இதன் விளைவை முடிவில் பார்க்கலாம். படம் கொடுக்கிற நம்பிக்கை வீடு, படிப்பு, சான்றிதழ். இருளருக்கு இவை சரியான மருந்து. படம் வெளிவந்த வாரத்திலேயே, 2021 நவம்பர் 4 அன்று, பூஞ்சேரியில் முதல்வர் இருளருக்கும் நரிக்குறவருக்கும் பட்டாவும் சான்றிதழும் கொடுத்தார். படத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், அந்தச் சமயத்தில் தமிழ்நாட்டின் கவனம் எங்கே திரும்பியது என்பதை அது காட்டுகிறது. சூர்யா இருளர் நலனுக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தார். பார்வதி எப்படி வாழ்கிறார் என்று ஊடகங்கள் தேடிப்போய் எழுதியதும், மார்க்சிஸ்ட் கட்சியின் கே.பாலகிருஷ்ணன் கடிதம் எழுதியதும், அதன் பிறகு அவருக்கு 10 லட்சம் வைப்புத்தொகை அறிவிக்கப்பட்டதும் அப்புறம் நடந்தவை. கொடுத்த மனதை நான் குறை சொல்லவில்லை. வரிசையை மட்டும் கவனியுங்கள். கதை யாருடையதோ அவர் இரண்டாவதாக வந்தார்.

குறவருக்குத் தேவையான மருந்தைப் படம் பெயர் சொல்லிக் கேட்கவே இல்லை. சரித்திரப் பதிவேட்டை என்ன செய்வது? வழக்கமான குற்றவாளி என்ற முத்திரையை யார் அழிப்பது? அதற்கு 2024 அக்டோபர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகள் செல்லாது என்றது. சீர்மரபினரை 'பிறவிக் குற்றவாளி' போலப் பார்க்கும் சிறைவிதி மொழியையும் கண்டித்தது. ஜெய் பீமின் முதல் காட்சிக்குக் கிடைத்த நிஜமான பதில் அந்தத் தீர்ப்புதான். தமிழில் அதைப் படத்தோடு சேர்த்துப் பேசியவர்கள் மிகக் குறைவு.

எதற்காக இதைச் சொல்கிறேன்

படத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. இன்னொரு தடவை பாருங்கள் என்றே சொல்வேன். கலைஞனுக்குக் கதையை மாற்றும் உரிமை உண்டு. ஆனால் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆளையும் அப்படியே எடுத்துக்கொள்ளும் கடமையும் கூடவே வருகிறது. "யாராக இருந்தால் என்ன, பாவப்பட்டவங்கதானே" என்ற இரக்கம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஜெயில் வாசலில் சிலரை ஒரே வரிசையில் நிற்கவைத்த அந்த அதிகாரியும், அவர்களுக்குள் வித்தியாசம் பார்க்கவில்லை.

முதனையில் செத்தவர் குறவர். அவரைக் கொன்றது அவர் ஏழை என்பது மட்டுமல்ல, அவர் சாதியின் மேல் 1911-லிருந்து இருந்துவந்த ஒரு பதிவு. அடுத்து யாராவது இந்த வழக்கை எடுத்து எழுதினால், படமெடுத்தால், பள்ளிப் பாடத்தில் வைத்தால், அந்த ஒரு சொல்லை மாற்றாமல் எழுதட்டும்.